சார்கிசாலோவும் எட்டு சதவீதமும்

2008 டிசம்பர் 31 வரை சார்கிசாலோ தனி ஊராட்சி. மறுநாள் முதல் அது சாலோ நகரத்தின் தெற்கு ஓரம். பின்லாந்தின் தென்மேற்குக் கரையில், பெர்னியோவுக்கும் கெமியோ தீவுக்கும் நடுவே, தீவுகளும் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலத் துண்டுகளுமாக இருக்கிற ஊர். மக்கள் எழுநூறு பேர் சொச்சம். பெரும்பாலோர் ஃபின்னிஷ் பேசுகிறவர்கள். பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமாக ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அந்த ஊரின் பெயர் ஃபின்பி. சார்கிசாலோ இருமொழி ஊராட்சி என்பதால் இரண்டு பெயர்களுமே அதிகாரப்பூர்வமானவை. சாலோ ஃபின்னிஷ் மட்டுமே உள்ள ஒருமொழி நகரம். இணைப்பு நடந்த அன்று யாரும் வீடு மாறவில்லை. யாருடைய தாய்மொழியும் மாறவில்லை. ஆனால் அந்த ஊரின் இருமொழித் தகுதி அன்றோடு முடிந்தது.

யாராவது வேண்டுமென்று பறித்திருந்தால் எதிர்த்து ஒரு கூட்டமாவது போட்டிருப்பார்கள். இங்கே பறிப்பதற்கென்று யாரும் வரவில்லை. ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் நடந்தது.

என்னைச் சாலோவுக்குக் கொண்டுவந்தது கைபேசி. நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை அங்கே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அதைச் சுற்றியிருந்த நிறுவனங்களுக்கு இந்தியாவிலிருந்து பொறியாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் வந்தபோது இணைப்பு முடிந்திருந்தது. அதனால் தனி ஊராட்சியாக இருந்த சார்கிசாலோவை நான் பார்த்ததில்லை. வார இறுதியில் கடல் பார்க்க வேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவோம். காடு, அப்புறம் வயல், திடீரென்று பாறைக்கு நடுவில் தண்ணீர். கோடையில் ஊரே நிறைந்துவிடும், ஏனென்றால் கடலோரம் முழுக்கக் கோடை வீடுகள். செப்டம்பர் வந்துவிட்டால் சாலையில் எதிரே ஒரு வண்டி வருவதே அபூர்வம்.

அப்படிப் போன ஒரு நாளில் புது உருளைக்கிழங்கு வாங்கப்போய்த்தான் அந்த அம்மாளைத் தெரிந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டு வாசலில் ஒரு மேசை, அதில் மண் ஒட்டிய கிழங்குகள், காசு போட ஒரு தகர டப்பா. என் ஃபின்னிஷ் அப்போது பாடப்புத்தக ஃபின்னிஷ். அவர் எனக்காக மெதுவாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அது ஓரளவுதான் சரி. அவருக்கும் அது இரண்டாவது மொழி. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை அவர் ஸ்வீடிஷில் அதட்டியபோது குரலே வேறாக இருந்தது. பிறகு போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பேசுவேன். ஒருமுறை, "ஃபின்னிஷ் பேசுவது எனக்குக் கஷ்டமே இல்லை, சின்ன வயதிலிருந்து பேசுகிறேன். ஆனால் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஸ்வீடிஷில்தான் ஓடுகிறது. முன்பு அப்படியே எழுதி அனுப்பிவிடுவேன். இப்போது எழுதியதை மகளிடம் கொடுத்து மாற்றி வாங்குகிறேன்" என்றார். குறைப்பட்டுக்கொள்ளும் தொனி அதில் இல்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அந்த "முன்பு"க்கும் "இப்போது"க்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடித்தான் பின்லாந்தின் மொழிச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடனின் பகுதி. 1809-இல் ரஷ்யாவின் கைக்குப் போய், 1917-இல் சுதந்திரம் பெற்றது. ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் இன்று நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்களை வந்தேறிகள் என்று நினைத்துவிடக் கூடாது. கடலோரத்திலும் தீவுகளிலும் பல தலைமுறையாக மீன் பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்த குடும்பங்கள்தான் அதிகம். அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டையும் தேசிய மொழிகள் என்கிறது. இதுவரை எல்லாம் அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்த உரிமையில் பெரும் பகுதி நீங்கள் எந்த உள்ளாட்சியில் குடியிருக்கிறீர்கள் என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது.

பின்லாந்தில் கிராமம், நகரம் எல்லாமே சட்டத்தின் கண்ணில் ஒரே வகை உள்ளாட்சிதான். 1865-ஆம் ஆண்டு ஆணைதான் கிராமப்புற உள்ளாட்சியைத் தேவாலய நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தியது. ஒவ்வொன்றும் தன் மக்களிடம் தானே வருமான வரி வசூலிக்கும், எத்தனை சதவீதம் என்பதை அதன் மன்றமே முடிவுசெய்யும். எழுநூறு பேர் ஊருக்கும் இதே அதிகாரம், ஹெல்சின்கிக்கும் இதே அதிகாரம். பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம், குடிநீர், கட்டட அனுமதி, நிலப் பயன்பாட்டுத் திட்டம் எல்லாம் இதன் கையில்.

2004-இல் நடைமுறைக்கு வந்த இப்போதைய மொழிச் சட்டம் ஓர் உள்ளாட்சி எப்போது இருமொழி உள்ளாட்சியாகும் என்று எண்ணில் சொல்கிறது. சிறுபான்மை மொழிக்காரர்கள் மக்கள்தொகையில் 8 சதவீதமாவது இருக்க வேண்டும், அல்லது 3,000 பேராவது இருக்க வேண்டும். ஏற்கெனவே இருமொழியாக இருக்கிற இடம், ஆள் எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்து சதவீதமும் 6-க்குக் கீழே போனால்தான் தகுதியை இழக்கும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு இந்தக் கணக்கைப் பார்த்து ஆணை பிறப்பிக்கிறது. மொழி என்பதும் பதிவேட்டில் இருக்கிற மொழிதான். ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான் பதிய முடியும். அப்பா ஸ்வீடிஷ், அம்மா ஃபின்னிஷ் என்றால் குழந்தையின் பெயருக்கு எதிரே எதையாவது ஒன்றைத்தான் எழுத வேண்டும். கலப்புத் திருமணம் சகஜமாக இருக்கிற தீவு ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்த முடிவை எடுக்கிறார்கள், எடுத்த முடிவு நேராக அந்தச் சதவீதத்தில் போய் விழுகிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுநூறு பேரில் பத்தில் ஒருவருக்கு மேல் என்றால் 8 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டுகிறது. அதே ஆட்களை, அதே வீடுகளில் இருக்கும்போதே, அப்போது 55,000 பேர் இருந்த நகரத்தின் கூட்டுத்தொகைக்குள் போடுங்கள். சாலோவிலும் மற்ற ஊர்களிலும் ஏற்கெனவே இருந்த ஸ்வீடிஷ்காரர்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 3,000 பேருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பத்து உள்ளாட்சிகள் சேர்ந்து உருவான புதிய சாலோவில் இருமொழி ஊர் இது ஒன்றுதான்.

சரி, தகுதி போனால் என்ன போகிறது? எல்லாமே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வரி அலுவலகம், காவல்துறை போன்ற மத்திய அரசு அலுவலகங்களில் நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் ஸ்வீடிஷில் பேசலாம், எழுதலாம். அந்த உரிமை ஊரோடு கட்டப்பட்டதில்லை. பள்ளியிலும் அப்படித்தான்: ஓர் உள்ளாட்சியில் இரண்டு மொழிக் குழந்தைகளும் இருந்தால் இரண்டு மொழியிலும் அடிப்படைக் கல்விக்கு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். குழந்தைகள் காப்பகத்துக்கும் இதே கடமை உண்டு. பக்கத்து உள்ளாட்சியில் இடம் வாங்கிக் கொடுத்தாலும் பள்ளிக் கடமை நிறைவேறியதாகிவிடும், சின்னக் குழந்தை நெடுந்தூரம் டாக்ஸியில் போய்வர நேரிட்டாலும். ஆனாலும் கடமை இருக்கிறது.

போனது உள்ளாட்சியோடு பேசும் மொழி. இருமொழி ஊராட்சியில் நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும் அந்த மொழியிலேயே பதில் வர வேண்டும். பொதுமக்களுக்கான அறிவிப்புகள் இரண்டு மொழியிலும் வர வேண்டும். ஊழியர்களில் போதுமான பேருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமொழி உள்ளாட்சியில் நகரத்தின் மொழிதான் நிர்வாக மொழி. நகராட்சி தானாகத் தொடங்கிய ஒரு விவகாரம் உங்கள் அடிப்படை உரிமையை நேராகத் தொட்டால், அல்லது உங்கள் மேல் ஒரு கடமையைச் சுமத்தினால் மட்டும் உங்கள் மொழியில் பேசும் உரிமை மிஞ்சுகிறது. படகுக் கொட்டகைக்கு அனுமதி கேட்பது, பக்கத்து நிலத்தில் வரப்போகிற கட்டுமானத்துக்கு ஆட்சேபம் எழுதுவது, சாலையோர விளக்கு எரியவில்லை என்று சொல்வது, இதெல்லாம் நீங்களாகத் தொடங்குகிற விவகாரங்கள். ஒரு தீவுக்காரரின் வாழ்க்கையில் நகராட்சியோடு நடக்கிற பேச்சில் முக்கால்வாசி இந்த வகைதான்.

சாலைப் பலகைகளைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இருமொழி உள்ளாட்சியில் பலகையில் இரண்டு வரிகள் இருக்கும். பெரும்பான்மை மொழிப் பெயர் மேலே, சிறுபான்மை மொழிப் பெயர் கீழே. நெடுஞ்சாலையில் போகும்போது மேல்வரியும் கீழ்வரியும் இடம் மாறினால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். கீழ்வரியே இல்லாமல் போனால் ஒருமொழிப் பகுதிக்குள் வந்துவிட்டோம். பக்கத்துப் பெரிய நகரமான துர்க்குவிலிருந்து தெற்கே போகும்போது என் மகன் இதை வைத்து விளையாடுவான், மாறிய உடனே கத்துவான். வெளியூர்க்காரர்களுக்கு அது வழிகாட்டி. கீழ்வரியில் தன் ஊரின் பெயரைத் தினமும் பார்த்து வளர்ந்தவருக்கு, இந்த நாட்டின் கணக்கில் நாமும் இருக்கிறோம் என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது. அதை இரும்புத் தகடு என்று சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

2023 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. அன்றிலிருந்து மருத்துவமும் சமூகநலமும் உள்ளாட்சிகளின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, நாடு முழுக்க 21 நலவாழ்வு வட்டாரங்களிடம் கொடுக்கப்பட்டன. ஹெல்சின்கியும் சுயாட்சி பெற்ற ஆலந்து தீவுகளும் மட்டும் தனி. சாலோ தென்மேற்கு பின்லாந்து வட்டாரத்தில் வருகிறது. அந்த வட்டாரத்துக்குள் துர்க்கு, பர்கஸ், கெமியோ தீவு போன்ற இருமொழி உள்ளாட்சிகள் இருப்பதால் வட்டாரம் முழுவதுமே இருமொழி. ஆக, அந்த உருளைக்கிழங்கு அம்மாளுக்கு மருத்துவரிடம் ஸ்வீடிஷில் பேச உரிமை இருக்கிறது. வரி அலுவலகத்துக்கு ஸ்வீடிஷில் எழுத உரிமை இருக்கிறது. கொட்டகைக்கு அனுமதி கேட்க மட்டும் இல்லை. ஒரே பெண், ஒரே சமையலறை மேசை, ஒரே பேனா. எந்த எல்லைக்குள் வைத்து அவரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து உரிமை வருகிறது, போகிறது. பெரிய வட்டத்துக்குள் சேர்ந்தாலே சிறுபான்மை மொழி கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. வட்டாரச் சட்டத்தை எழுதியவர்கள் உள்ளே ஒரு இருமொழி ஊர் இருந்தாலே போதும் என்று விதி வைத்தார்கள். உள்ளாட்சிகள் இணையும்போது அப்படி ஒரு விதி இல்லை.

இணைப்பே தவறு என்று நான் வாதாட வரவில்லை. மருத்துவமும் உள்ளாட்சியின் செலவாக இருந்த அந்த நாட்களில், எழுநூறு பேர் ஊரின் வரவுசெலவில் ஒரே ஒரு பெரிய அறுவை சிகிச்சை, நீண்டநாள் பராமரிப்பு தேவைப்படுகிற ஒரே ஒரு குழந்தை என்று வந்தால்கூட அந்த வருடக் கணக்கு ஆட்டம் கண்டுவிடும். இளைஞர்கள் துர்க்குவுக்கும் ஹெல்சின்கிக்கும் போய்விடுகிறார்கள், வரி கட்டுகிறவர்கள் குறைகிறார்கள், பராமரிப்பு தேவைப்படும் முதியவர்கள் கூடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டு வந்த உள்ளாட்சிச் சீரமைப்புச் சட்டம் ஆரம்ப சுகாதாரத்துக்கு ஏறக்குறைய 20,000 மக்கள் அடித்தளம் வேண்டும் என்றது. சேருங்கள், அல்லது கூட்டாகச் சேவை நடத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். சேர்ந்தவர்களுக்கு மானியம் உண்டு, ஊழியர்களுக்கு ஐந்து ஆண்டு வேலைப் பாதுகாப்பு உண்டு. விளைவு, 2009 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் 32 இணைப்புகள். 415-ஆக இருந்த உள்ளாட்சிகள் 348-ஆகக் குறைந்தன. அந்த அலையில் எத்தனையோ ஊர்கள் போயின.

சாலோவோடு சேர்வது அன்றைக்குப் புத்திசாலித்தனமாகவும் தெரிந்திருக்கும். நோக்கியா அங்கே கட்டிய நிறுவன வரியில் நகரத்துக்கு வந்த பங்கு அவ்வளவு பெரியது. 2012 ஜூனில் தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. மிச்சமிருந்த ஆய்வுப் பிரிவை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் 2015-இல் அதையும் மூட முடிவுசெய்தது. எங்களைப் போன்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு துர்க்கு, எஸ்போ, தாம்பெரே என்று சிதறினோம். பணக்கார நகரத்தின் நிழலில் ஒதுங்கிய சின்ன ஊருக்கு மூன்றே வருடத்தில் நிழல் போயிற்று. யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது, அதனால் யாரையும் குறை சொல்லவும் முடியாது. மருத்துவம் நடத்த ஆள் பலம் வேண்டும் என்று சொல்லித்தான் இணைப்புகளைத் தள்ளினார்கள், 2023-இல் அந்த மருத்துவமே உள்ளாட்சிகளிடமிருந்து போய்விட்டது. இணைந்த ஊர் திரும்ப வரவில்லை.

என் மனதில் ஒப்பிட்டுப் பார்க்கிற இன்னொரு ஊர் இனியோ. அதே 2009 ஜனவரி 1 அன்று இணைந்ததுதான். இனியோ, ஹௌட்ஷேர், கோர்போ, நாகு என்ற நான்கு தீவு ஊராட்சிகள் பர்கஸ் நகரத்தோடு சேர்ந்தன. பர்கஸில் சுண்ணாம்புக்கல் குவாரியும் சிமென்ட் ஆலையும் உண்டு. அந்த நகரத்தில் அப்போது பன்னிரண்டாயிரம் பேர் சொச்சம், இனியோவில் இருநூற்றைம்பது பேர் அளவில். புதிய நகரத்துக்கு முதலில் வேறொரு பெயர் வைத்துப் பார்த்தார்கள். 2012-இல் பர்கஸ் என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

மொழிக் கணக்கில் இனியோவுக்கு எந்த இழப்பும் இல்லை. ஐந்துமே இருமொழி, ஐந்திலுமே ஸ்வீடிஷ் பெரும்பான்மை. சேர்ந்த பிறகும் ஸ்வீடிஷ்காரர்கள் பாதிக்கு மேல். எல்லாம் சேர்ந்து பதினைந்தாயிரத்துச் சொச்சம்தான் வந்தது, அந்த 20,000-ஐ எட்டவில்லை. தீவுப் பகுதிக்கும் மொழி உரிமைக்கும் சட்டத்திலேயே விலக்கு இருந்ததால் அது பரவாயில்லை என்று விடப்பட்டது. அங்கே பிரச்சினை தூரம். வரைபடத்தில் இனியோவும் பர்கஸும் ஒரே நகரம். இனியோவிலிருந்து ஆண்டு முழுக்க ஓடுகிற படகு போவது குஸ்தாவிக்கு. குஸ்தாவி வேறு உள்ளாட்சி, ஃபின்னிஷ் ஊர். பர்கஸ் பக்கம் இருக்கிற ஹௌட்ஷேருக்குப் போகும் படகு கோடைக் காலத்தில் மட்டும்.

அந்த வழியில் நான் குளிர்காலத்தில் போயிருக்கிறேன், நண்பர் ஒருவரின் வீட்டு வேலைக்கு உதவியாக. குஸ்தாவித் துறையில் காரை வரிசையில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம். மஞ்சள் நிறப் படகு முன்பக்கத் தளத்தை இறக்கியது, உள்ளே போனால் பத்துப் பதினைந்து வண்டிகள்கூட இல்லை. ஒரு பால் லாரி, ஒரு தபால் வேன். எல்லாரும் வண்டியை விட்டு இறங்காமல் இருந்தார்கள், காசு கேட்க யாரும் வரவில்லை, ஏனென்றால் இந்தச் சாலைப் படகுகள் இலவசம். அரசுக்கு இவை சாலையின் நீட்சி. அரை மணி நேரத்தில் அக்கரை. இனியோவில் வேலையை முடித்துவிட்டு, நகராட்சி சம்பந்தமாக ஒரு காகிதத்தைப் பர்கஸில் நேரில் கொடுக்க வேண்டும் என்றார் நண்பர். அதற்கு என்ன வழி? மறுபடி படகில் குஸ்தாவி. அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் போலத் துர்க்கு. துர்க்குவைத் தாண்டி இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் பர்கஸ். தன் சொந்த நகரத்தின் அலுவலகத்துக்குப் போக ஒருவர் வேறு பல உள்ளாட்சிகளைக் கடந்து போகிறார். இனியோ தனியாக இருந்தபோது அந்தக் காகிதத்தை நடந்து போய்க் கொடுத்திருப்பார், கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

சின்ன ஊராட்சியில் இந்த நெருக்கம் சட்டத்திலேயே இருந்தது. அன்றைய சட்டப்படி 2,000 பேருக்குள் உள்ள ஊருக்கு 17 மன்ற உறுப்பினர்கள். விரும்பினால் 15 அல்லது 13 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். எழுநூறு பேருக்கு 17 பேர் என்றால் நாற்பது பேருக்கு ஓர் உறுப்பினர். ஒரு தெருவுக்கு ஒருவர் போல. அதில் இரண்டு பேராவது ஸ்வீடிஷ் பேசுகிறவர்களாக இருந்தால் மன்றக் கூட்டத்தில் அந்த மொழி தானாக ஒலிக்கும். 55,000 பேர் நகரத்தில் ஓர் உறுப்பினருக்கு ஆயிரம் பேர் அளவில் வருகிறது. சார்கிசாலோவின் மொத்த ஊரும் சேர்ந்து ஒரே பெயருக்கு ஓட்டுப் போட்டாலும் ஒருவரை அனுப்புவதே கஷ்டம்.

இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இனியோ தன் மொழியோடு தூரத்துக்குப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சார்கிசாலோவுக்குத் தூரம் பெரிய பிரச்சினையில்லை, காரிலேயே போய்வரலாம். அது மொழியை விட்டுவிட்டுப் போயிற்று. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சார்கிசாலோ என்பேன். தூரத்துக்கு இணையம், தொலைபேசி, ஊருக்கு வந்து உட்காரும் அலுவலர் என்று எத்தனையோ வழிகள் உண்டு, செலவு செய்தால் போதும். போன தகுதிக்கு அப்படிப் பகுதி பகுதியாக ஈடு செய்ய முடியாது. ஸ்வீடிஷ் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத அலுவலகத்தில் ஸ்வீடிஷ் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போனால், அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேடச் சொல்ல ஆள் இல்லை. அப்புறம் அவர் இல்லாததைக் கவனிக்கவும் ஆள் இருக்க மாட்டார்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு வருத்தமும் உண்டு. சதவீதக் கணக்கில் மேலே ஸ்வீடிஷ்காரர்கள், கீழே ஊரின் மொத்த மக்கள்தொகை. ஃபின்னிஷ்காரர்கள் மட்டுமல்ல, குடியிருக்கிற எல்லாரும். சாலோவில் நான் பதிவுசெய்துகொண்டபோது தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். நெஞ்சு நிறைந்துதான் எழுதினேன். அந்த நாளில் கீழே இருக்கிற எண் ஒன்று கூடியது. எஸ்தோனியர்கள், ரஷ்யர்கள், நாங்கள் எல்லாம் சேர்ந்தால் சாலோவில் இன்று ஸ்வீடிஷ்காரர்களைவிட மிக அதிகம். நாங்கள் யாரும் அவர்களுக்கு எதிராக எதையும் செய்யவில்லை, செய்ய நினைக்கவும் இல்லை. இருந்தாலும் ஒரு சின்ன மொழிக்காரர் வந்து குடியேறுவது இன்னொரு சின்ன மொழியின் உரிமையைத் துளி குறைக்கிறது என்றால், கணக்கு எழுதிய விதத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

கோளாறைச் சரிசெய்ய சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது என்பதுதான் நான் படித்ததில் எனக்குப் பிடித்த பகுதி. 8 சதவீதக் கணக்கைச் சொல்கிற மொழிச் சட்டத்தின் அதே ஐந்தாவது பிரிவு, உள்ளாட்சி மன்றம் தானாகக் கேட்டுக்கொண்டால், சதவீதம் எட்டாவிட்டாலும் அரசு அதை இருமொழி உள்ளாட்சியாக அறிவிக்கலாம் என்கிறது. இதைப் பயன்படுத்திய நகரமும் இருக்கிறது. ஹெல்சின்கிக்கு மேற்கே இருக்கிற லோஹ்யாவில் ஸ்வீடிஷ்காரர்கள் நான்கு சதவீதத்துக்கும் குறைவு, 3,000 பேரும் இல்லை. பக்கத்து ஃபின்னிஷ் ஊர்களைச் சேர்த்துக்கொண்டு சதவீதம் இறங்கியபோது, இருமொழியாகவே இருக்கிறோம் என்று அந்த நகர மன்றம் கேட்டது, அரசும் சம்மதித்தது. லோஹ்யா ஒன்றும் திவாலாகிவிடவில்லை.

அரசியல் சாசனத்தின் 122-ஆவது பிரிவு நிர்வாக எல்லைகளை வகுக்கும்போது இரண்டு மொழி மக்களுக்கும் தங்கள் மொழியில் சேவை கிடைக்கிற மாதிரி வகுக்க வேண்டும் என்று சொல்கிறது. அதை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டால், இருமொழி ஊர் ஒன்று பெரிய நகரத்தில் சேரும்போது அந்த ஊரின் எல்லைக்குள் பழைய மொழி உரிமை தொடரும் என்று இணைப்பு ஒப்பந்தத்தை ஏற்கும் சட்டத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும். பலகையில் இரண்டு வரி, அந்த அஞ்சல் குறியீட்டிலிருந்து வருகிற கடிதங்களுக்கு அந்த மொழியில் பதில், அறிவிப்பில் ஒரு மொழிபெயர்ப்பு. ஐம்பதாயிரம் பேர் அளவிலான நகரத்துக்கு இது பெரிய செலவா? அரசு சேரச் சொல்லி மானியம் கொடுத்த காலத்தில் இதற்கும் சேர்த்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவே தெரியாது.

இப்போது பின்லாந்தில் 33 இருமொழி உள்ளாட்சிகள் இருக்கின்றன. நடப்பில் இருக்கிற அரசாணை 2032 இறுதி வரைக்கும். அடுத்த ஆணைக்கு முன்பு சாலோ நகர மன்றத்துக்கு ஒரு குடியிருப்பாளர் முன்மொழிவு அனுப்பலாம் என்று அங்கே இன்னும் இருக்கிற நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நகரத்தில் குடியிருக்கிற யாரும் அதில் கையெழுத்திடலாம், குடியுரிமை தேவையில்லை. வரைவை ஃபின்னிஷில் எழுதி முடித்துவிட்டோம். ஸ்வீடிஷ் வரைவை அந்த அம்மாளின் மகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.